வித்தியாலயத்தின் வாழ்முறை

1930-ல் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் தோற்றுவித்ததும், 1934-ல் பெரியநாயக்கன்பாளையத்தில் காந்தியடிகள் அஸ்திவாரக் கல் நாட்டியதுமான ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தை நினைக்குந்தோறும், ஒரு பாடசாலையின் ஜீவன் அதன் பாடத்திட்டத்திலன்றி, அங்கே நாள்தோறும் அனுஷ்டிக்கப்படும் பழக்கங்களிலேயே உறைகின்றது என்னும் எண்ணம் என்னுள் உறுதிப்படுகின்றது. ஜாதி பேதமின்றி உடனுறைந்து உண்பதும், பிரார்த்தனைக்கு ஒருங்கே அமர்வதும், தம் இடத்தைத் தாமே துப்புரவு செய்வதும் அக்காலக் கொங்கு நாட்டில் சாமானியமான காரியங்கள் அல்ல. மாணாக்கரைப் பண்படுத்திய அந்தச் சூழல் ஆசிரியரையும் பண்படுத்தியது என்பதே, பலரும் கவனியாத விசேஷம். கணிதம் பயின்று அங்கு ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் தொண்டாற்றிய பெ. தூரன், கீர்த்தனங்களும் குழந்தை இலக்கியமும் படைத்ததோடு, 10 தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குப் பிரதம ஆசிரியராகவும் விளங்கினார். நல்ல பள்ளி தன் ஆசிரியரை எவ்வளவு உயரத்துக்கு வளரவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சியை நான் அறியேன். தேர்ச்சி விகிதம் ஒன்றையே பார்த்துப் பள்ளியைத் தெரிந்தெடுக்கும் நம் மாவட்டத்துப் பெற்றோர், அங்குள்ள ஆசிரியர்கள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள், எத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறார்கள் என்பவற்றையும் விசாரித்தறிந்த பின்னரே தம் பிள்ளைகளைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.