போகிற வேலைதானே!

வேலை போகப் போகிறது என்று ஒரு மனிதருக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டால் என்ன செய்வார்? பெரும்பாலோர் மூச்சுக் காட்டமாட்டார்கள். மேலதிகாரியின் கண்ணில் படாமல், எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வைக்காமல், இருக்கிற வரை சம்பளம் வந்தால் போதும் என்று நாட்களை எண்ணிக்கொண்டு இருப்பார்கள். இந்த வாரம் நான் சொல்லப் போகிறவர் வேறு ரகம். எப்படியும் நம்மை அனுப்பத்தான் போகிறார்கள், அதற்குள் இதுவரை யாரும் துணியாத ஒன்றைச் செய்து பார்த்துவிட்டுப் போவோமே என்று நினைத்தார். அப்படி நினைத்தவர் 29 வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்!

அவர் பெயர் லவெல் எட்வர்ட்ஸ். ஊர், அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் மலையடிவாரத்திலுள்ள பிரோவோ. அங்குள்ள பிரிகாம் யங் சர்வகலாசாலையின் பந்தாட்டக் குழுவுக்கு 1972-ம் வருஷம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தார்கள். அப்போது அவருக்கு வயது 41.

பந்தாட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! விளையாட்டுச் செய்தி என்றால் காத தூரம் ஓடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில், சனிக்கிழமை டெலிபோன் செய்தால் "அப்புறம் பேசறேம்மா, மாட்ச் நடக்கிறது" என்று பதில் வருகிறதல்லவா? அந்த மாட்ச் இதுவாகவே இருக்கலாம்.

நாம் அறிந்த கால்பந்து அல்ல இது. பந்து நீள உருண்டை. தலையில் கவசம், தோளில் திண்டு வைத்துக் கட்டிக்கொண்டு பக்கத்துக்குப் பதினொரு பேர் மோதுவார்கள். மைதானம் 100 கெஜம். பந்து யாரிடம் இருக்கிறதோ அந்தக் கட்சிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் மேலும் நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்கு. இப்படியே தள்ளிக்கொண்டு போய் எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு பாயிண்டு. இவ்வளவுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

சரி, முன்னேறுவது எப்படி? வழி இரண்டு. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவது ஒன்று. குவார்ட்டர்பேக் என்கிற ஆட்டக்காரர், தூரத்தில் ஓடும் தன் கட்சிக்காரருக்குப் பந்தை வீசி எறிவது மற்றொன்று. அந்தக் காலத்துக் கலாசாலைப் பயிற்சியாளர்களுக்கு எறிவது என்றாலே ஆகாது. எறிந்தால் மூன்று காரியம் நடக்கலாம், அதில் இரண்டு கெட்டது என்பார்கள். நம்மவர் பிடிப்பது ஒன்று. தரையில் விழுந்து வாய்ப்பு வீணாவது இரண்டு. எதிரி பிடித்துக்கொண்டு ஓடுவது மூன்று. ஆகவே மலைபோன்ற ஆட்களைச் சேர்த்து, அவர்களை முன்னே மோதவிட்டு, பின்னாலேயே மூன்று கெஜம், நான்கு கெஜம் என்று ஓடுவதுதான் புத்திசாலித்தனம் என்று எண்ணினார்கள்.

பெரிய சர்வகலாசாலைகளுக்கு அது சரி. பிரோவோவுக்கு அப்படிப்பட்ட ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்? அது மார்மன் சபையார் நடத்தும் சர்வகலாசாலை. மது கூடாது, புகை கூடாது. அதுகூடப் போகட்டும், காப்பியும் தேநீரும் கூடாது! (நானாக இருந்தால் முதல் நாளே மூட்டை கட்டியிருப்பேன்.) போதாக்குறைக்கு, தேறி வரும் வாலிபர்களில் பலர் நடுவில் இரண்டு வருஷம் சபைத் தொண்டுக்காக ஊர் ஊராகப் போய்விடுவார்கள். 1922-ல் ஆடத் தொடங்கிய குழு, எட்வர்ட்ஸ் வரும் வரை தன் வட்டாரப் பந்தயத்தில் முதலிடம் பெற்றது ஒரே ஒரு தடவை, 1965-ல்தான். பயிற்சியாளர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். தமக்கும் அதே கதிதான் என்று எட்வர்ட்ஸ் எண்ணியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்த 1965-ஐ அவர் மறக்கவில்லை. அப்போது அவர் அங்கே உதவிப் பயிற்சியாளர். அந்தக் குழுவில் வர்ஜில் கார்ட்டர் என்று நன்றாக எறிகிற குவார்ட்டர்பேக் ஒருவர் இருந்தார். எறிந்த காலத்தில்தானே ஜெயித்தோம் என்பது எட்வர்ட்ஸ் மனத்தில் பதிந்துவிட்டது.

இங்கேதான் வேடிக்கை. எட்வர்ட்ஸுக்கு எறியும் ஆட்டம் தெரியாது! அவர் தற்காப்புக்குப் பயிற்சி கொடுத்து வந்தவர். ஆனால் எதிரி எதைச் செய்தால் தமக்குத் தூக்கம் போகும் என்பது தற்காப்புக்காரருக்குத் தெரியும். கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவனைத் தடுக்க ஆட்களைக் கூட்டமாக நிறுத்தினால் போதும். எறிகிறவன் வந்தால் மைதானத்தின் அகலம் முழுவதையும் காக்க வேண்டும். அந்தக் கஷ்டத்தை மற்றவர்களுக்குக் கொடுப்போமே என்று தீர்மானித்தார். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரைத் தேடி, டென்னசியில் குவார்ட்டர்பேக்காகப் பேர் வாங்கிய டூயி வாரன் என்பவரை உதவிக்கு அழைத்துக்கொண்டார். தலைமைப் பதவியில் உட்கார்ந்த மனிதர், எனக்கு இது தெரியாது, நீ வந்து சொல்லிக் கொடு என்று தம்மைவிட இளையவர் ஒருவரைக் கூப்பிடுவது சாதாரண விஷயமா? நம் ஆபீசுகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

எடுத்த எடுப்பில் வெற்றி வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். எறிவதற்கென்று கிளம்பிய முதல் வருஷத்தில், அவர் குழுவில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பீட் வான் வால்கன்பர்க் என்பவர்தான் புகழ் பெற்றார். 1,386 கெஜம் ஓடி, அமெரிக்கக் கலாசாலைகளிலேயே அந்த வருஷம் அதிகம் ஓடியவர் என்று பெயர் வாங்கினார்! அடுத்த வருஷம் ஐந்து ஆட்டத்தில் வெற்றி, ஆறில் தோல்வி. மூன்றாவது வருஷமான 1974-ல் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, நான்காவது சமம். பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான் என்று ஊரார் பேசியிருப்பார்கள். எட்வர்ட்ஸ் பழைய வழிக்குத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு வரிசையாக ஏழு ஆட்டத்தில் வெற்றி! வட்டாரத்தில் முதலிடம். 29 வருஷத்தில் தோல்வி வெற்றியை மிஞ்சியது அந்த 1973 ஒன்றில் மட்டுந்தான்.

அப்படி என்ன உபாயம்? எறிவது என்றால் மற்றவர்கள் தூரத்துக்கு எறிந்துவிட்டுக் கடவுளை வேண்டுவார்கள். பிரோவோவில் கிட்டத்திலேயே எறிந்தார்கள். ஐந்து கெஜம், எட்டு கெஜம். ஓட வேண்டிய ஆளுக்கே சின்னதாக எறிந்து, பிடித்த பிறகு ஓடச் சொன்னார்கள். ஓடி எடுக்கும் அதே நான்கு கெஜத்தை எறிந்து எடுத்துவிட்டால் அபாயம் எங்கே இருக்கிறது? முன்வரிசை ஆட்களை நெருக்கமாக நிற்க வைக்காமல் இடைவெளி விட்டு நிறுத்தினார்கள். குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வருகிற எதிரி சுற்றிக்கொண்டு வருவதற்குள் பந்து கைவிட்டுப் போயிருக்கும்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பேர் மைதானத்தின் இரு புறத்திலிருந்தும் எதிரும் புதிருமாக ஓடி வருவார்கள். கையை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் அளவு நெருங்கி ஒருவரை ஒருவர் தாண்டுவார்கள். அவர்களைத் துரத்தி வரும் எதிரிகள் இருவரும் நடுச்சந்தியில் முட்டிக்கொண்டு தடுமாறுவார்கள். இரண்டு பேரில் யாரோ ஒருவர் தனியே நிற்பார், அவருக்கு எறிந்துவிட வேண்டியது! இப்படிச் சில ஆட்டமுறைகள்தான். அவற்றையே கண்ணை மூடிக்கொண்டும் செய்யும்படி திரும்பத் திரும்பப் பழகினார்கள். யாருக்கு எறிவது என்பதைப் பயிற்சியாளர் முன்கூட்டியே சொல்லமாட்டார். முதல் ஆளைப் பார், அவரை மடக்கிவிட்டார்களா, இரண்டாமவரைப் பார், பிறகு மூன்றாமவர். முடிவு களத்தில் நிற்கும் இருபது வயதுப் பையன் கையில்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு பரீட்சை வந்தது. 1980, டிசம்பர் 19. சான் டியாகோ நகரில் சதர்ன் மெதடிஸ்ட் சர்வகலாசாலையுடன் ஆட்டம். முடிய நாலே நிமிஷம் இருக்கையில் எதிரி 45, இவர்கள் 25. ரசிகர்கள் எழுந்து வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். நான்காவது வாய்ப்பு. பந்தை உதைத்து எதிரியிடம் கொடுத்துவிடலாம், மானமாகத் தோற்போம் என்று எட்வர்ட்ஸ் உதைக்கும் ஆட்களை உள்ளே அனுப்பினார். குவார்ட்டர்பேக் ஜிம் மக்மஹோன் வெளியே வர மறுத்துவிட்டார்! தோல்வியை ஒப்புக்கொள்கிறீர்களா என்று தம் பயிற்சியாளரைப் பார்த்தே கத்தினார்.

வேறு ஒருவராக இருந்தால் அந்தப் பையனை அன்றோடு தொலைத்திருப்பார். எட்வர்ட்ஸ் கல்லில் செதுக்கிய மாதிரி முகம் உடையவர், ஓரத்தில் கைகட்டி நிற்பார், சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அந்த மனிதர், ஆயிரக்கணக்கான பேர் பார்க்க, விட்டுக்கொடுத்தார். உதைக்க வந்தவர்கள் திரும்பினார்கள். மக்மஹோன் எறிந்தார், முன்னேறினார்கள். 31 ஆயிற்று, 39 ஆயிற்று. கடைசி மூன்று விநாடி. மக்மஹோன் 41 கெஜ தூரம் வீசிய பந்தை, எதிரிகள் சூழ்ந்து நிற்க, கிளே பிரவுன் என்பவர் துள்ளிப் பிடித்தார். 45-க்கு 45! பிறகு ஓர் உதை, ஒரு பாயிண்டு. 46-க்கு 45 என்று ஜெயித்தார்கள். பாதியில் புறப்பட்டுப் போனவர்கள் வழியில் என்ன பாடு பட்டார்களோ!

அதே 1980-ல் ஸ்டீவ் யங் என்ற இடது கைப் பையன் வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடத்தில் ஓடி ஆடிப் பழகியவன், எறியத் தெரியாது. குவார்ட்டர்பேக்குகள் பட்டியலில் எட்டாவது பெயர் அவனுடையது. தற்காப்புக்கு அனுப்பிவிடலாம் என்றார் அப்போதைய உதவிப் பயிற்சியாளர். பையன் மனம் ஒடிந்து அப்பாவைக் கூப்பிட்டு, விட்டுவிட்டு வருகிறேன் என்றான். விடுவதானால் விடு, ஆனால் இந்த வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டார் தகப்பனார். (கல்நெஞ்சம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் பட்டது.) உதவிப் பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போய்விட, புதிதாக வந்த டெட் டோல்னர் பையனின் கையில் ஏதோ இருப்பதைக் கண்டார். 1983-ல் அந்தப் பையன் எறிந்த நூறில் எழுபத்தொன்றுக்கு மேல் குறி தப்பவில்லை. கலாசாலை ஆட்டத்தில் அது அன்றைக்குச் சாதனை. 1995 ஜனவரியில், தொழில் ஆட்டக்காரர்களின் மகுடமான சூப்பர் பவுலில், ஒரே ஆட்டத்தில் ஆறு முறை எல்லைக்கு எறிந்து அங்கும் சாதனை செய்தார்.

1984-ல் 13 ஆட்டம், 13 வெற்றி. தேசத்திலேயே முதல் குழு என்று பட்டம். நோஞ்சான்களோடு ஆடி வாங்கிய பட்டம் என்று கிழக்கத்திப் பத்திரிகைகள் முணுமுணுத்தன. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. நான் பெரிதாக நினைப்பது பட்டத்தை அல்ல, அந்த ஆட்டமுறை அங்கிருந்து எங்கெங்கே போயிற்று என்பதைத்தான்.

எதிர்க் குழு ஒன்றில் ஹால் மம்மி என்கிற உதவிப் பயிற்சியாளர் இருந்தார். எட்வர்ட்ஸிடம் அடி வாங்கி வாங்கி, அடிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். பின்னால் டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனபோது, பிரோவோவுக்கே நேரில் போய்க் கேட்டார். ரகசியம் என்று கதவைச் சாத்தாமல் சொல்லிக் கொடுத்தார்கள்! 1989-ல் அயோவாவில் ஒரு சிறு கலாசாலைக்கு மம்மி போனார். அங்கே அவருக்கு உதவியாக வந்த மைக் லீச், கலாசாலையில் பந்தாடியதே இல்லை, வக்கீலுக்குப் படித்தவர். ஆனால் பிரோவோவில் மாணவராக இருந்தபோது எட்வர்ட்ஸின் ஆட்டத்தைக் கண்கொட்டாமல் பார்த்தவர். இருவருமாக அதையே இன்னும் சுருக்கி, இன்னும் வேகமாக்கினார்கள். ‘ஏர் ரெய்ட்' என்று அதற்குப் பெயர் விழுந்தது. இன்று அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில்கூட அதன் சாயலைக் காணலாம்.

ஆண்டி ரீட் என்பவர் கதை எனக்குச் சொந்த விஷயம் போல. பிரோவோவில் முன்வரிசையில் ஆடியவர். ஆசையெல்லாம் எழுத்தாளர் ஆவதில்தான், உள்ளூர்ப் பத்திரிகையில் பத்திகூட எழுதினார். பயிற்சியாளர் வேலைக்கு வரலாமே என்று எட்வர்ட்ஸ்தான் அவரைத் திருப்பிவிட்டார். 2020, 2023, 2024 என்று மூன்று சூப்பர் பவுல் ஜெயித்த கான்ஸாஸ் சிட்டி குழுவின் பயிற்சியாளர் அவர்தான். பத்தி எழுதுகிறவர்களை யாராவது இப்படி நல்ல வழிக்குத் திருப்பினால் நன்றாகத்தான் இருக்கிறது.

எட்வர்ட்ஸ் 2000-ம் வருஷம் ஓய்வு பெற்றார். மொத்தம் 257 வெற்றி. மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2016 டிசம்பரில், 86-வது வயதில் காலமானார்.

அவருடைய கடைசி ஆட்டம் 2000 நவம்பர் 24-ல், பக்கத்து ஊர்ப் பரம வைரியான யூட்டா சர்வகலாசாலையோடு. முடிய ஒரு நிமிஷந்தான் பாக்கி. இவர்கள் 26, எதிரி 27. நான்காவது வாய்ப்பு, 13 கெஜம் வேண்டும். பிராண்டன் டோமன் என்ற பையன் எறிந்தான், 34 கெஜம் கிடைத்தது. மறுபடி எறிந்தான், எல்லைக்கோட்டின் அருகே போய்விட்டார்கள். இனி நாலே கெஜம். மூன்றாவது முறையும் எறிவான் என்று எதிரிகள் காத்திருக்க, டோமன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடியே கோட்டைத் தாண்டிவிட்டான்!