ரெண்டு தரம்… மூணு தரம்!



திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துத் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே சந்தை விலை செல்லாது. வாழைத்தாரும் நாட்டுக்கோழியும் வீட்டில் செய்த கேக்கும் காணிக்கையாக வந்து குவியும். கோழியை ஏலம் எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுத்து, "இன்னொரு தடவை விடுங்க" என்பதும் உண்டு. ஒரே கோழி, இரண்டு வரவு! பொருள் எல்லாம் இனாமாக வந்ததுதான் இந்த ஏலத்தின் பலம். கடையில் வாங்கிய பொருளை மேடையேற்றினால் வரவில் பெரும்பங்கு முதலுக்கே போய்விடும்.

காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காத ஒன்றை ஏலம் விடுவது இன்னும் நல்லது. அமெரிக்கக் கோடீஸ்வரர் வாரன் பஃபெட், தன்னோடு மதிய உணவு சாப்பிடும் வாய்ப்பை 2000-இல் ஏலம் விடத் தொடங்கினார். பணம், சான் பிரான்சிஸ்கோவில் ஏழைகளுக்குச் சோறிடும் கிளைடு அமைப்புக்கு. அங்கே தொண்டு செய்துவந்த மனைவி சூசன்தான் அவரை இதில் இழுத்துவிட்டவர். முதல் ஆண்டு கிடைத்தது 25,000 டாலர். 2003-இல் ஏலம் ஈபே தளத்துக்கு மாறியதும் எந்த ஊரிலிருந்தும் விலை கேட்கலாம் என்றானது. 2022-இல் விருந்து 1.9 கோடி டாலருக்குப் போனது. 2010, 2011 இரண்டு ஆண்டும் ஏலம் எடுத்த டெட் வெஷ்லரை பஃபெட் தன் நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். சாப்பாட்டுக்குச் சாப்பாடு, வேலைக்கு வேலை!

ஆனாலும் எனக்குப் பிடித்த ஏலக்காரர் காந்திதான். தீண்டாமைக்கு எதிராக 1933 நவம்பரில் தொடங்கிய ஹரிஜன யாத்திரையில் சுமார் 12,500 மைல் சுற்றி, 8 லட்சம் ரூபாய் திரட்டினார். வாசித்தளித்த வரவேற்பு மடலை அந்த மேடையிலேயே ஏலம் விட்டுவிடுவார். கையெழுத்து வேண்டுமா, ஐந்து ரூபாய்! அன்றைய கூலியாளுக்கு அது பல நாள் சம்பளம். அதனால் கூட்டத்தினரிடம் கை நீட்டிச் செப்புக்காசையும் வாங்கிக்கொண்டார்.

இன்று ஹோட்டல்களில் நடக்கும் நன்கொடை ஏலங்களில் காணாமல் போவது இந்தச் செப்புக்காசுதான். இரண்டு செல்வந்தர்கள் மாறி மாறி விலையை ஏற்ற, மற்றவர்கள் செல்போனில் மூழ்கிவிடுகிறார்கள். பள்ளிக்காக நீங்கள் ஏலம் நடத்தினால், கடைசிப் பொருள் போனதும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கு இவ்வளவு, சீருடைக்கு இவ்வளவு என்று சொல்லி, பொருளே இல்லாமல் கேளுங்கள். சின்னத் தொகைக்குக் கை தூக்க யாருக்கும் கூச்சம் இருக்காது. பணத்தை மட்டும் அன்றிரவே வாங்கிவிடுங்கள். மறுநாள் போன் செய்தால், "பார்க்கலாம் சார்" என்பார்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ ஏலம் நடத்தியிருக்கிறீர்களா? எந்தப் பொருள் எதிர்பாராத விலைக்குப் போனது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்