கடலுக்கும் ஓர் எடை அட்டை

மீன் கூடை வாசலில் இறங்கியதும் செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்போம். அப்புறம் விலை. "என்னம்மா, கையளவுகூட இல்லையே?" என்றால், "இப்பல்லாம் இதுதாம்மா பெருசு" என்று பதில் வரும். பேரம் பேசி வாங்கிக் குழம்பு வைத்துவிடுவோம். அந்த "இப்பல்லாம்" என்ற ஒரு வார்த்தைக்குள் எத்தனை பெரிய சங்கதி ஒளிந்திருக்கிறது தெரியுமா? கடல் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்மணி அதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்.

அவர் பெயர் லோரன் மெக்ளெனகன். அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்தின் தென்கோடியில் கீ வெஸ்ட் என்று ஒரு தீவு ஊர் இருக்கிறது. காசு கட்டிப் படகில் போய்த் தூண்டில் போடுவது அங்கே வருகிறவர்களுக்குப் பொழுதுபோக்கு. கரைக்குத் திரும்பியதும், பிடித்த மீன்களை வரிசையாகத் தொங்கவிட்டுப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். 1956 முதல் 2007 வரை எடுத்த அப்படிப்பட்ட படங்களைத் திரட்டி, அவற்றில் இருந்த 1,275 மீன்களின் அளவை மெக்ளெனகன் கணக்கிட்டார். 2009-ல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

ஆரம்பத்தில் ஒரு மீனின் சராசரி எடை 19.9 கிலோ. 2007-ல் எவ்வளவு என்கிறீர்கள்? வெறும் 2.3 கிலோ! 1950-களின் படங்களில் பெரிய பெரிய களவா மீன்கள், ஆளுயரச் சுறாக்கள். 2007-ன் படங்களில் ஓர் அடிக்குச் சற்றே கூடுதலான சங்கரா வகைகள். இதில் வேடிக்கை என்னவென்றால், மீன் இப்படிச் சிறுத்தும் படகுக் கட்டணம் குறையவே இல்லை. வந்தவர்களும் அதே காசைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

யாருக்கும் தெரியாமலா போயிற்று? டேனியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 1995-ல் ஒரே பக்கக் கட்டுரையில் இதற்குக் காரணம் சொன்னார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த கடலையே 'இதுதான் வழக்கம்' என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் குறைந்தது அதன் கணக்கில் சேர்வதே இல்லை.

மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மீனவர்களையே கேட்டுப் பார்த்தார்கள். 2005-ல் வெளிவந்த அந்த ஆய்வில், 'முன்பு நிறைய இருந்தது, இப்போது அருகிவிட்டது' என்று வயதானவர்கள் சொன்ன மீன் இனங்கள், இளைஞர்கள் சொன்னதைப் போல ஐந்து மடங்கு! ஒரே கடல்தான், பார்த்த காலம்தான் வேறு.

இது நமக்குப் புரியாததா என்ன? பிள்ளை வளர்வது கூடவே இருக்கும் தாய்க்குத் தெரிவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் அத்தைதான், "அடேயப்பா, இவ்வளவு வளந்துட்டானே!" என்பாள். இளைப்பதும் அப்படித்தான். அதனால்தானே மாதாமாதம் எடை பார்த்து அட்டையில் குறிக்கச் சொல்கிறார்கள்? கடலுக்கு அப்படி ஓர் அட்டை இல்லாத இடங்களில், பழைய போட்டோக்களும் பெரியவர்களின் ஞாபகமும்தான் அந்த அட்டை.

சரி, மீன் சிறுத்தால் என்ன, எண்ணிக்கை இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அட்லாண்டிக் கடலில் காட் என்று ஒரு மீன். 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு தாய் மீன் இடும் முட்டைக்கு ஈடுகட்ட, 2 கிலோ மீன்கள் 28 வேண்டும் என்று 2018-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. பெரியவளைப் பிடித்துவிட்டால் வம்சமே ஆட்டம் காண்கிறது.

மனம் தளர வேண்டாம். விட்டுவைத்தால் கடல் திருப்பித் தரும். ஃபுளோரிடாவில் ராட்சதக் களவா மீனைப் பிடிக்கவே கூடாது என்று 1990-ல் தடை போட்டார்கள். அருகிப்போயிருந்த இனம் மெல்ல மெல்லப் பெருகி, 2023-ல் கொஞ்சமாகப் பிடிக்க அனுமதி தரும் அளவுக்கு வந்தது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளை நிறுத்துவதும் மீன்கள் இனம் பெருகத்தான். அந்த இரண்டு மாசம் விலை ஏறினால் முணுமுணுக்காமல் பொறுத்துக்கொள்ளலாமே!

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. நெத்திலி, மத்தி பிறவியிலேயே சின்ன மீன்கள், தாராளமாக வாங்குங்கள். பெரிதாக வளரக்கூடிய மீனின் குஞ்சுகளைக் கூறு கட்டி விற்றால், "இது வேண்டாம்மா" என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. மாமியாரோ பாட்டியோ ஓய்வாக இருக்கும்போது கேளுங்கள்: அவர்கள் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என்னென்ன மீன் வந்தது, எவ்வளவு நீளம், எந்த மாசத்தில்? சொல்வதை வருஷம் போட்டுக் கணக்கு நோட்டில் எழுதுங்கள். இன்று கூடையில் வந்த மீனையும் அளந்து அதன் கீழே எழுதுங்கள். உங்கள் மகள் கூடைக்காரம்மாவிடம் பேரம் பேசும் நாளில், எது பெரிய மீன் என்று அந்த நோட்டு அவளுக்குச் சொல்லும்.