பொறியும் பூசாரியோ?

"அது சொல்லிவிட்டது, அப்புறம் என்ன ஆராய்ச்சி?" சாமியாடியிடம் வாக்குக் கேட்டுத் திரும்புவோர் பேச்சல்ல இது. பகுத்தறிவாளர் என மார்தட்டும் நம் இளைஞர்கள், கைப்பேசியில் சாட்ஜிபிடி தந்த விடையைக் காட்டிப் பேசும் பேச்சு! உடுக்கடித்தவனிடம் "ஏன்?" என்று கேட்ட வாய், ஒளித்திரையின் முன் ஊமையாவதேனோ?

பொறியை வெறுப்பவரல்லர் நாம். கேட்க ஆளற்ற மாணவனுக்கு நள்ளிரவிலும் சலிக்காமல் விளக்கம் தரும் துணை அது. ஆனால், அறிந்து பேசுகிறது என்று எண்ணிவிடாதீர்! மலைமலையாய்க் குவித்த எழுத்துகளில் பயின்று, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோப்பதே அதன் தொழில். கோவை அழகாக இருக்கும். உண்மையாகவும் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

நியூயார்க்கில் 2023-இல் நடந்ததைக் கேளுங்கள். ஏவியாங்கா விமான நிறுவனத்தின்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், வாதியின் வழக்கறிஞர்கள் முன்தீர்ப்புகளை அடுக்கினர். அவற்றுள் ஆறு, உலகில் இல்லாத தீர்ப்புகள், சாட்ஜிபிடி புனைந்தவை! "இவை மெய்தானா?" என்று அந்தப் பொறியையே கேட்டிருந்தார் அவர்களுள் ஒருவர். "மெய்தான்" என்றது அது. திருடனையே சாட்சிக்கு அழைத்த கதை! நீதிபதி விதித்த தண்டம் 5,000 டாலர். ஏமாந்தவர் எழுத்தறியாதவரா? சட்டம் பயின்றோர்!

ஐயம் எழுந்தால் மூலத்தைத் திறந்து பாருங்கள். கேள்வியையும் மொட்டையாகக் கேட்பானேன்? "மண்ணரிப்பு பற்றி எழுது" என்றால் சக்கைதான் கிடைக்கும். "எட்டாம் வகுப்புக்கு, இதோ பாடப்பகுதி, இதிலுள்ளதை மட்டும் கொண்டு ஐந்து வினாக்கள் தருக, விடை இதில் இல்லையேல் இல்லையென்று சொல்க" என்று கட்டளையிடுங்கள். புளுகு குறையும்; ஒழிந்துவிடாது. கேட்பவர் மனம் குளிரப் பேசும் முகத்துதிப் பழக்கமும் அதற்குண்டு. ஆதலின் நம் கருத்தை மறுத்து எழுதச் சொல்லுங்கள். நம் வாதத்தின் ஓட்டை அப்போது தெரியும்.

இன்னொன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வைசன்பாம் என்ற அறிஞர் எலைசா எனும் சிறு உரையாடு நிரலை ஆக்கி 1966-இல் வெளியிட்டார். சொன்னதையே திருப்பிக் கேட்கும் அற்ப நிரல் அது. அதனுடன் தனித்துப் பேசவேண்டும் என்று, அவருடைய செயலாளரே அவரை அறையினின்றும் வெளியேறச் சொன்னாராம்! இன்றைய பொறியிடம் நெஞ்சைத் திறப்போர் எத்தனை பேர்! அங்கே தட்டச்சிடும் சொல், எங்கோ உள்ள நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. சேமிக்கப்படலாம், பயிற்சிக்கும் பயன்படலாம். ஆதார் எண், கடவுச்சொல், வங்கி அனுப்பும் ஓடிபி எதையும் அங்கே எழுதாதீர். பயிற்சிக்குத் தரமறுக்கும் அமைப்பு இருந்தால் முதல் நாளே மாற்றிவிடுங்கள். ஆசிரியத் தோழர்களே, மாணவர் பெயரையும் மதிப்பெண்ணையும் அதில் கொட்டுவதற்கு நமக்கு யார் உரிமை தந்தார்?