ஆம்ப்ளிபையரும் ஆராதனையும்



கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன். பெயரையும் சபையையும் குறிப்பிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பம். கணவர் பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறார். மகனுக்கு வயது 23. வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. சபையில் கிட்டார் வாசிக்கிறவன். மகள் இவ்வாண்டு நர்சிங் படிப்பில் சேர வேண்டும்.

கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தி வைத்தது. தன் மகன் குடிக்கிறவனோ ஊர் சுற்றுகிறவனோ அல்ல, ஆகையால் யாரிடம் போய் முறையிடுவதென்றே தெரியவில்லை என்று அந்தத் தாய் எழுதுகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் மூன்று கிட்டார்களை வாங்கி இரண்டை விற்றிருக்கிறான். காலால் மிதிக்கும் பெடல்கள் ஏழு சேர்ந்துவிட்டன. இப்பொழுது 50 வாட்ஸ் வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்று, மாதம் 4,200 ரூபாய் தவணையில் வந்திருக்கிறது. இன்னும் பதினொரு தவணை பாக்கி. சபை கூடுவதோ ஒரு பழைய கட்டடத்தின் மாடியறையில்; நாற்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். சனிக்கிழமைப் பயிற்சியில் முதல் ஒரு மணி நேரம் கம்பிகளைச் செருகுவதிலும் குமிழ்களைத் திருகுவதிலும் கழிகிறதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூத்த அம்மா ஒருவர் ஆவியில் ஏவப்பட்டு ஒரு பழைய பாடலைத் தொடங்க, அந்தப் பாடல் தெரியாததால் இவன் குனிந்து பெடலைச் சரிசெய்துகொண்டே இருந்திருக்கிறான். பாடல் முடிந்துவிட்டது.

“இது பாவமா ஐயா? அந்தப் பெட்டியை விற்கச் சொல்லலாமா?” என்று சகோதரி கேட்கிறார்கள்.

பிரியமானவர்களே, இது ஒரு வீட்டின் காரியம் மட்டுமல்ல. பெங்களூரிலும் மும்பையிலும் நம் ஜனங்கள் கூடுகிற சிறு சபைகள் பலவற்றில் இதைக் காணலாம். அன்று ஒரு டோலக்கும் கைத்தாளமும் போதுமாயிருந்த இடங்களில் இன்று கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் வந்துவிட்டன. வந்ததில் குற்றமில்லை. ஆனால் கருவியைப் பற்றிய பேச்சு, பாடலைப் பற்றிய பேச்சைத் தின்றுவிடுகிறது. எந்த ஸ்பீக்கர், எந்த வால்வு, எந்தப் பெடல் எதற்கு முன்னால் என்று வாலிபர்கள் மணிக்கணக்காய்ப் பேசுவார்கள். அந்தப் பாடலின் இரண்டாம் சரணம் எப்படித் தொடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள்!

இதற்கு ஒரு காரணம் உண்டு. பயிற்சி செய்வது கடினம், வாங்குவது எளிது. ஒரு மாதம் விரல் நோக வாசித்தாலும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. புதிய பெட்டி வந்த அன்றோ, ஒரே இரவில் ஒலி மாறிவிடுகிறது; தானே உயர்ந்துவிட்டதாக மனம் நம்புகிறது. மூன்று வாரத்தில் காது பழகிவிடும். அப்பொழுது குறை மறுபடியும் தலைகாட்டும். அதற்கு அடுத்த கருவியே மருந்து என்று தோன்றும். வைராக்கியமுள்ள பிள்ளைகளே இதில் அதிகம் விழுகிறார்கள் என்பது என் எண்ணம். இசையில் ஆசையில்லாதவன் எதற்காகப் பெடல் வாங்கப்போகிறான்?

அந்த 50 வாட்ஸ் காரியத்தைச் சற்று விளக்க வேண்டும். வாட்ஸ் இரட்டிப்பானால் ஓசையும் இரட்டிப்பாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சக்தி இரண்டு மடங்கானால் 3 டெசிபல் மாத்திரமே கூடுகிறது. காதுக்கு இரு மடங்காய்க் கேட்க வேண்டுமானால் சக்தி ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். அதாவது, அதே ஸ்பீக்கரில் 5 வாட்ஸ் பெட்டிக்கும் 50 வாட்ஸ் பெட்டிக்கும் காதளவில் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்குதான். மேலும் வால்வு ஆம்ப்ளிபையரை விரும்புகிறவர்கள் எதற்காக விரும்புகிறார்கள்? குமிழை நன்றாய் ஏற்றும்போது வால்வுகள் திணறி எழுப்புகிற அந்த இனிய கரகரப்புக்காக. நாற்பது பேர் இருக்கும் மாடியறையில் 50 வாட்ஸ் பெட்டியின் குமிழை அவ்வளவு ஏற்ற முடியுமா? ஏற்றினால் ஜெபிக்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆகவே குமிழ் ஒன்றிலேயே நிற்கிறது. எதற்காகத் தவணை கட்டுகிறானோ அந்த ஒலியை அவன் சபையில் ஒரு நாளும் கேட்கப்போவதில்லை.

மட்டாஞ்சேரியில் வாழ்கிற பிள்ளைக்கு நான் வேறோர் ஊரின் உதாரணம் தேட வேண்டியதில்லை. அது இசையில் ஊறிய பகுதி. குஜராத்திலிருந்தும் கச்சிலிருந்தும் வந்த வணிகர்கள், கொங்கணியர், தமிழர் என்று பல ஜனங்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிற அவ்விடத்தில், கடைமாடி அறைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் ஒரு ஆர்மோனியமும் தபேலாவும் வைத்துக்கொண்டு விடிய விடியப் பாடுகிற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மெஹபூப் என்னும் பாடகர் (1926–1981) அந்தப் பகுதியில் பாடி வளர்ந்தவர். 1954ல் வெளிவந்த ‘நீலக்குயில்’ படத்திலும் பாடியிருக்கிறார். 2018ல் காலமான உம்பாயி அங்கிருந்தே கஜல் பாடகராகப் புகழ்பெற்றார். இவர்கள் பாடியவை நம் பாடல்கள் அல்ல. பின்பற்றுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் சிறு அறையில், சிறு கருவியோடு, கேட்கிறவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடுவது எப்படி என்று அந்தத் தெருக்கள் அறிந்திருந்தன. கிட்டாரை எடுத்துக்கொண்டாலும், எறணாகுளத்து ஓட்டல்களில் வாசித்து 1990ல் ‘கிரவுண்ட் ஜீரோ’ என்னும் தொகுப்பை வெளியிட்ட ‘13 ஏ.டி.’ என்ற குழுவினர் வளர்ந்தது, வெளிநாட்டுக் கருவி எளிதில் கைக்கு எட்டாத இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில். அந்தக் கட்டுப்பாடுகள் 1991க்குப் பின் படிப்படியாகத் தளர்ந்தன. நுகர்பொருள்கள் மீது எஞ்சியிருந்த அளவுத் தடைகள் 2001 ஏப்ரலில் நீங்கின. இன்று கைபேசியைத் தொட்டால் பெட்டி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அதற்கு முந்தின தலைமுறை, கிடைத்ததைக் கொண்டு வாசித்தது.

நம்முடைய பெந்தெகொஸ்தே சரித்திரத்திலேயே இதைவிட நெருக்கமான ஒன்று உண்டு. 1906ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் எழுப்புதல் தொடங்கியபோது, ஆரம்ப நாட்களில் அங்கே வாத்தியமும் இல்லை, பாட்டுப் புத்தகமும் இல்லை. பின்பு, 1930களில், அமெரிக்கக் கறுப்பின விசுவாசிகளின் ‘ஹவுஸ் ஆஃப் காட்’ என்னும் பெந்தெகொஸ்தே சபைகளில் திரோமன் ஈசன், வில்லி ஈசன் என்ற சகோதரர் இருவர் மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரை ஆராதனைக்குள் கொண்டுவந்தார்கள். பெரிய சபைகளில் ஆர்கன் இருக்கும் இடத்தில் இங்கே இந்தக் கருவி வந்து நின்றது. அக்காலத்து ஆம்ப்ளிபையர்களோ சிறியவை. தம்பி வில்லி செய்தது என்ன தெரியுமா? ஒரே தந்தியில், பாடுகிறவர்களின் குரலைப் போலவே வழுக்கியும் விம்மியும் வாசிக்கப் பழகினார். சபையார் ஒரு வரியைப் பாடுவார்கள். கருவி அதே வரியைத் திருப்பிச் சொல்லும். அந்த மரபு இன்றும் அச்சபைகளில் தொடர்கிறது. அப்படி வாசிக்க என்ன வேண்டும்? அந்த ஜனங்கள் எப்படிப் பாடுகிறார்கள், எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள், எந்தச் சொல்லில் கண்ணீர் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கடையிலும் அது விற்கப்படுவதில்லை.

நல்ல கருவி வேண்டாமென்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். அதே காலத்தில் தேவ சபையில் வளர்ந்த சகோதரி ரொசெட்டா தார்ப் (1915–1973) மின்கிட்டாரை அருமையாய் வாசித்தார். விலையுயர்ந்த கிட்டார்களையும் வைத்திருந்தார். தந்தி விரற்பலகையிலிருந்து மிக உயர்ந்து நிற்கிற மட்டமான கிட்டார், கற்றுக்கொள்கிற பிள்ளையின் விரலைப் புண்ணாக்கி ஊக்கத்தையே கெடுத்துவிடும். அதைச் சரிசெய்யச் செலவழிப்பது வீண் அல்ல. கொச்சியின் கடற்காற்றில் தந்திகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். சில நூறு ரூபாயில் தந்திகளை மாற்றி, வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வைத்தால், புதிய பெடலைவிட அது ஒலிக்கு அதிகம் செய்யும். ஆம்ப்ளிபையரைத் தரையில் வைத்து முழங்காலுக்கு வாசிக்காமல், ஒரு நாற்காலியின்மேல் சற்றுச் சாய்த்துக் காதுக்கு நேராக வைத்தால், பாதி ஓசை போதுமென்று வாசிக்கிறவனுக்கே தெரியும்.

இங்கே ஒரு எச்சரிப்பையும் சேர்க்கிறேன். இது எல்லாச் சபைகளுக்கும் உரியது. பழைய கட்டடங்களில் எர்த் இணைப்புச் சரியாயிராது. ஆம்ப்ளிபையரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் வருகிறதென்று, சிலர் மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையைத் துண்டித்துவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கலாம், ஆனால் கிட்டாரின் தந்தியைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைக்கிறவனுடைய உயிர் போகவும் கூடும். வால்வு ஆம்ப்ளிபையரோ பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் திறக்கவே கூடாது. உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் கருவியை நம்முடைய 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிப்போகும். சபையில் பணம் இருந்தால், முதலில் ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சாதனத்தைப் பொருத்துங்கள். அதன்பின் மிக்ஸரைப் பற்றிப் பேசலாம். (நாற்பது பேருக்குப் பதினாறு சேனல் மிக்ஸர் வாங்குகிற கமிட்டிகளும் உண்டு. வாலிபர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.)

இனி, பாவமா என்ற கேள்வி. ஆமோஸ் ஆறாம் அதிகாரத்தைச் சகோதரியும் மகனும் சேர்ந்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தீர்க்கதரிசி அங்கே கண்டிக்கிறவர்களில், தாவீதைப் போலத் தங்களுக்கென்று இசைக்கருவிகளை உண்டாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். தாவீது செய்வித்த கருவிகளைக் கொண்டு நாலாயிரம் லேவியர் துதித்ததை 1 நாளாகமம் 23ல் காண்கிறோம். இருவரும் செய்த காரியம் ஒன்றே. ஆனால் ஆமோஸின் நாட்களில் இருந்தவர்களைத் தங்கள் ஜனத்தின் நாசம் தொடவில்லை. அதுவே அவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றம். ஆகவே தம்பியிடம் கேட்க வேண்டியது அந்தப் பெட்டியைப் பற்றியல்ல. தங்கையின் படிப்புக் கட்டணம் அவன் மனதில் இருக்கிறதா? அந்த மூத்த அம்மா பாடத் தொடங்கியபோது அவன் செவி எங்கே இருந்தது?

பிரியமான தம்பி, இந்தப் பக்கம் உன் கைக்கு வருமானால், ஒன்று சொல்கிறேன். வாரத்தில் ஒரு மாலை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போ. பெடல்களை எடுத்துப் போகாதே. கிட்டாரை எதிலும் செருகாதே. அவர்கள் பாடட்டும். பழைய அம்மாமார் ஸ்கேல் பார்த்துப் பாடுகிறவர்கள் அல்லர். ஒரு நாள் ஒரு சுருதி, மறுநாள் இன்னொன்று. அவர்கள் தொடங்கிய இரண்டாவது சொல்லுக்குள் சுருதியைப் பிடிக்கப் பழகு. சாராள் நவரோஜி அம்மாவின் பாடல்கள், ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’, உன் தாத்தா பாட்டி ஊரில் பாடிய கீர்த்தனைகள் என்று பத்துப் பாடல்களை முழுவதுமாக, எல்லாச் சரணங்களோடும் கற்றுக்கொள். நான்கு கார்ட்ஸ் போதும். முதல் மாதம் சலிப்பாயிருக்கும். சனிக்கிழமை பயிற்சியில் முதல் ஒரு மணி நேரம் மின்சாரமே இல்லாமல் பாடிப் பாருங்கள். மழைக்காலத்தில் கொச்சியில் அதற்குத் தானாகவே வாய்ப்புக் கிடைக்கும்.

சகோதரியே, விற்கச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களாக விற்க வேண்டாம். 23 வயது மகன் தன் சம்பாத்தியத்தில் வாங்கியதை வீட்டார் பிடுங்கி விற்றால், பெட்டி போய்விடும், கசப்பு நிற்கும். அவனே விற்பதானாலும் கணக்குப் பார்க்க வேண்டும்: பாக்கித் தவணை 46,200 ரூபாய். பயன்படுத்திய பெட்டிக்கு அத்தனை கிடைக்குமா என்பது சந்தேகமே. கிடைக்காத மீதியை அவன்தான் கட்ட வேண்டும். ஐந்தாறு பெடல்களைக் கொடுத்துவிடுவது இதைவிட எளிது. அவற்றின்மேல் கடன் இல்லை. மகளின் முதல் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது என்று நீங்கள் எழுதவில்லை. அதை ஒரு தாளில் எழுதி, தவணைச் சீட்டின் பக்கத்தில் வைத்து, மகளையும் கூட்டி நால்வருமாக உட்கார்ந்து பேசுங்கள். ஆராதனை முடிந்து களைத்து வரும் ஞாயிறு இரவில் வேண்டாம். வாரநாளில் ஒரு மாலை, குடும்ப ஜெபத்துக்குப் பின் பேசுங்கள்.