மின்னூல் கருவி வாங்கலாமா?

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் குடும்பங்கள் கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது, பைகளின் எடை குறித்து வீட்டில் ஒரு வழக்கு நடப்பதுண்டு. ஊறுகாயும் முறுக்கும் இடம்பிடித்த பின்னர்ப் புத்தகங்களுக்கு எஞ்சுவது ஒரு சாண் இடமே. அடுத்த கோடை வரை பிள்ளைகளின் தமிழ் வாசிப்பு அந்த ஒரு சாணுக்குள் அடங்கிவிடுகிறது. போபாலிலோ குவாஹாட்டியிலோ கடைவீதியில் தமிழ் நூல் கிடைப்பது அரிது. ஆதலால், "மின்னூல் கருவி ஒன்று வாங்கினால் என்ன?" என்னும் கேள்வி இத்தகைய வீடுகளில் எழுவது இயல்பே.

கேள்வி எளிது, விலை எளிதன்று. புதிய கருவிகள் பெரும்பாலும் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகின்றன. அத்தொகைக்கு இருநூறு ரூபாய் விலையுள்ள அச்சு நூல்கள் ஐம்பது வாங்கலாம். ஒருவர் ஊதியத்தில் நடக்கும் வீட்டில், வாடகைக்கும் ஊர்ப் பயணத்திற்கும் பிறகு மிஞ்சும் பணத்தை வைத்தே இக்கணக்கைப் போட வேண்டும்.

கருவியின் சிறப்பையும் மறைத்தல் கூடாது. அதன் திரையில் மின்மை உள்ளது. கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்னூட்டத்தால் இடம்பெயர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் மாறிய பின் எழுத்து தாளில் அச்சிட்டதுபோல் அசையாமல் நிற்கும். வெயிலிலும் தெளிவாகத் தெரியும். ஒருமுறை மின்னேற்றினால் பல நாள்கள் உழைக்கும். இவற்றினும் பெரிய நன்மை வேறொன்று: திறன்பேசியைப் போல் நிமிடத்திற்கொரு செய்தி வந்து வாசிப்பவரை அது அழைப்பதில்லை.

அதில் படிக்கத் தமிழ் நூல்கள் உண்டா என்னும் ஐயமும் வேண்டியதில்லை. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகின் பல நாடுகளில் சிதறி வாழும் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். ஊரைவிட்டு வந்தவர்களே ஊருக்கும் சேர்த்து நூலகம் கட்டினர் எனலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. ஆகவே 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் ஒரு ரூபாயும் செலவின்றிப் படிக்கலாம். மூன்றாண்டுக்கொரு முறை பணியிட மாற்றம் பெறும் குடும்பத்திற்கு, மூட்டை கட்ட வேண்டாத அலமாரி பெரிய உதவியே.

ஆயினும் குறைகள் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகம் படம்பிடித்து வைத்துள்ள பழைய நூல்களை ஆறு அங்குலத் திரையில் திறந்தால் எழுத்து எறும்பளவாகத் தெரியும். சிறுவர்க்கான படக்கதைகளோ பெரும்பாலான கருவிகளில் கறுப்பு வெள்ளையாகிவிடும். சாம்பல் நிறக் கிளியைக் காட்டி, "கிளி பச்சை" என்று எவ்வாறு கற்பிப்பது? இளம்பிள்ளைகளுக்கு நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் வெளியிடும் வண்ணப்பட நூல்களே ஏற்றவை. மேலும், அக்காள் படித்த அச்சு நூல் தம்பிக்கும், பின்னர் அடுத்த வீட்டுக்கும் செல்லும்; விலைகொடுத்து வாங்கிய மின்னூலை அவ்வாறு கொடுத்துவிட இயலாது. 2009-இல் ஜார்ஜ் ஆர்வெலின் நாவல்களை, பதிப்புரிமைச் சிக்கலால், வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. பின்னர் மன்னிப்பும் கோரியது. வாங்கியவரின் கையில் இருப்பது முழு உடைமை அன்று என்பது அன்று பலருக்கும் விளங்கியது.

எனவே, கையிருப்புக் குறைந்தவர்கள் உடனே வாங்குதல் தகாது. தில்லியில் வாழ்வோர் முதலில் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தை நாடலாம். பிற நகரத்தார் வீட்டிலுள்ள திறன்பேசியிலேயே 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தைத் தரவிறக்கி, இரவுணவுக்குப் பின் நாளொன்றுக்கு ஓர் அத்தியாயமாகப் படித்துப் பார்க்கலாம். தந்தை படிக்கப் பிள்ளை கேட்கலாம். பிள்ளை திக்கித் திக்கிப் படிக்கத் தாய் திருத்தலாம். முதல் பாகமே முடியவில்லையெனில், கருவி வாங்கினாலும் அது மேசையின் இழுப்பறையில்தான் உறங்கும். வாசிப்பில்லாத வீட்டிற்குக் கருவி வாசிப்பைக் கொண்டுவந்ததில்லை. இரண்டாம் பாகத்தைப் பிள்ளைகளே கேட்டு நச்சரித்தால், அப்போது வாங்கலாம். அதுவும் ஆளுக்கொன்றாக அன்று, வீட்டிற்கு ஒன்று. பிறர் பயன்படுத்திய கருவி நல்ல நிலையில் கிடைத்தால் அதுவும் போதும்.

அதுவரையில், ஊரிலிருந்து திரும்பும் பையில் முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் குறைத்தால் மேலும் இரண்டு புத்தகங்கள் அடங்கும்.