மின்சார கார் வாங்கலாமா? தினசரி ஓட்டம்தான் பதில் சொல்லும்!

சென்னை நெரிசலில் இப்போது சத்தமில்லாமல் ஒரு கூட்டம் பெருகி வருகிறது. குட்டி மின்சார கார்கள்தான் அவை! "பெட்ரோல் போடவே வேண்டாமாம், செலவு கிலோ மீட்டருக்கு ஒரு ரூபாய்தானாம்" என்று கடைத்தெருவிலும் மின்சார ரயிலிலும் பேச்சு.

பேச்சு பொய்யல்ல. ஆனால் பாதிதான் நிஜம். மீதிப் பாதி உங்கள் தினசரி ஓட்டத்தில் இருக்கிறது.

விலை என்ன?

டாடா டியாகோ காரையே எடுத்துக் கொள்வோம். பெட்ரோல், மின்சாரம் இரண்டிலும் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. மின்சார காருக்கு முன்பிருந்தே 5 சதவீதம்தான். வரி குறைந்ததும் பெட்ரோல் டியாகோ ஷோரூம் விலை ஏறத்தாழ 4½ லட்சத்தில் தொடங்கியது. மின்சார டியாகோ அப்போது 8 லட்சத்தை ஒட்டி இருந்தது. வித்தியாசம் 3½ லட்சம்!

மின்சார காரில் கியர் தொல்லை கிடையாது. மலிவான பெட்ரோல் காரில் கியர் போட்டே கால் வலிக்கும். அது சௌகரியம். நாம் பார்ப்பது பணக் கணக்கு.

போட்ட பணம் எப்போ திரும்பும்?

குரோம்பேட்டையில் வீடு, பாரிமுனையில் கடை என்று ஒரு வியாபாரியை வைத்துக் கொள்வோம். தினம் போக வர 40 கிலோ மீட்டர். மாதம் 1,200.

நெரிசலில் லிட்டருக்கு 16 கிலோ மீட்டர் என்றால் 75 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் மாதம் 7,500 ரூபாய் அவுட்!

அதே தூரத்துக்கு மின்சாரம் சுமார் 150 யூனிட் போதும். யூனிட்டுக்கு தாராளமாக 9 ரூபாய் போட்டாலும் 1,350 ரூபாய்தான். மாதம் 6,150 ரூபாய் மிச்சம். அஞ்சு வருஷத்துக்குள் கூடுதல் விலை திரும்பி விடுகிறது.

தினம் 20 கிலோ மீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு? ஒன்பதரை வருஷம் ஆகும். டியாகோ பேட்டரிக்கு கம்பெனி தரும் உத்தரவாதமே 8 வருஷம்தான்!

ஆபீசுக்கு ரயிலில் போய்விட்டு, லீவு நாளில் மட்டும் காரை எடுக்கும் குமாஸ்தாவுக்கு மாதம் 300 கிலோ மீட்டர் ஓட்டம் என்றால் 19 வருஷம். மகன் கல்யாணம் முடிந்து பேரனும் பள்ளிக்கூடம் போய்விடுவான்!

500 யூனிட் பூச்சாண்டி

9 ரூபாய் ஏன் போட்டோம்? தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் முதல் சில யூனிட் இலவசம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறும். சலுகை குறையும். 500-க்கு மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கும் கூட. வீட்டுக்கு 300, காருக்கு 300 என்றால் கோட்டைத் தாண்டியாச்சு. ஏ.சி. ஓடும் வீட்டில் இன்னும் ஏறும்.

வயர் எங்கே இழுப்பது?

குட்டி கார்களுக்கு 15 ஆம்பியர் பிளக் போதும். ராத்திரி போட்டால் விடியும்போது சார்ஜ் ரெடி. தனி வீட்டுக்காரருக்கு கவலை இல்லை. அடுக்கு மாடி வீட்டில்? இரண்டாவது மாடியிலிருந்து வயர் தொங்கவிட முடியுமா? பொது மீட்டரில் சொருகினால் சங்கத்தில் சண்டை! வெளியே சார்ஜ் போட்டால் வீட்டை விட விலை கூடுதல். மிச்சம் கரைந்து போகும்.

பேட்டரிக்கு வாடகை!

கையில் பணம் குறைவு என்பவர்களுக்கு 2024 செப்டம்பரில் எம்.ஜி. காமெட் ஒரு வழி காட்டியது. கார் 4 லட்சத்து 99 ஆயிரம். பேட்டரிக்கு கிலோ மீட்டருக்கு 2½ ரூபாய் வாடகை. மின்சாரத்தையும் சேர்த்தால் கிலோ மீட்டருக்கு சுமார் 3 ரூபாய் 60 காசு. பெட்ரோலுக்கு ஆறே கால் ரூபாய். லாபம்தான். ஆனால் ஓட்டாத மாதத்துக்கும் குறைந்தபட்ச வாடகை உண்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று: 2023 முதல் 2025 முடிய தமிழக அரசு மின்சார வாகனத்துக்கு சாலை வரியை முழுசாகத் தள்ளுபடி செய்தது. பதிவு செய்யும் நாளில் சலுகை என்ன என்று விசாரியுங்கள். அதிலேயே அரை லட்சம் கூடலாம், குறையலாம்.

ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு வேலை. ஒரு மாதம் தினம் எத்தனை கிலோ மீட்டர் ஓடுகிறீர்கள் என்று டைரியில் குறியுங்கள். 40-ஐத் தொட்டு, வீட்டில் பிளக்கும் இருந்தால் தைரியமாகப் போகலாம். 20-க்குக் கீழே என்றால் அந்த 3½ லட்சம் பாங்கிலேயே இருக்கட்டும்.